சின்னையாவின் யானைகள்

சின்னையா செத்த பிறகுதான் அவர் எவ்வளவு பெரிய பணக்காரர் என்பது அரசாங்கத்துக்குத் தெரிய வந்தது. உயிரோடு இருந்தவரை அது அவருக்கே தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையிலிருந்து கட்டடம் எழும்பும் இடங்களுக்கெல்லாம் மாட்டுவண்டியில் கல் ஏற்றிப் போவதுதான் அவருடைய பிழைப்பு. மயிலை ஒன்று, செவலை ஒன்று என இரண்டு காளைகள், ஒரு வண்டி, சூளைக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த ஒரு பலகை வீடு, வள்ளியம்மா என்று ஒரு மனைவி. பிள்ளைகுட்டி இல்லை. ஒரு மத்தியானம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், தலை சுற்றுகிறது என்று தொட்டியோரமாக உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களைக் கழித்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களிடம் பிடுங்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றானதும் மேலிடத்தின் பார்வை செத்தவர்கள் பக்கம் திரும்பியது. செத்தவர்களிடம் ஒரு பெரிய சௌகரியம், அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. இப்படித்தான் கோலாலம்பூரில் காலமானோர் சொத்து மதிப்புக் காரியாலயம் என்று ஒன்று பிறந்தது. செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு மதிப்புப் போட்டு, அதற்கு வரி வாங்குவது அதன் வேலை. அதற்கு ஒரு துரை இருந்தார். ஆடுகதவுக்குப் பின்னாலிருந்து வரும் சுருட்டுப் புகையை வைத்துத்தான் அவர் இருப்பதைத் தெரிந்துகொள்ள முடியும். மற்றபடி காரியாலயம் என்றால் அங்கிருந்த குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி ராதாகிருஷ்ணன்தான்.

ராதாகிருஷ்ணன் ஓர் ஆராய்ச்சிக்காரர். ஜனங்கள் சொத்தை எப்போது மறைக்கிறார்கள் என்று அவர் நெடுநாள் யோசித்தார். பாடை தெருமுனை திரும்பிய பிறகுதான் மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்னால், பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது, எந்தப் பெண்டாட்டிக்கும் பொய் சொல்லத் தோன்றாது. ஆகவே பிணம் வாசல் தாண்டுவதற்குள் காரியாலயத்து ஆள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். விதவை வாய்விட்டுச் சொல்லும் சொத்து விவரங்களைக் கேட்டபடியே எழுதிக்கொள்ள வேண்டும். 'துக்கம் பொய் சொல்லாது' என்பது அந்த விதியின் முதல் வாக்கியம். துரை அதைப் படித்துவிட்டு, ரொம்ப நுட்பமான விஷயம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பாரி என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ராதாகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனால் அவர் சாவு வீட்டுக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுகிற நாகரிகஸ்தர். உள்ளே பெண்கள் என்ன பாடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதில்லை.

அப்படித்தான் சின்னையாவின் வீட்டு வாசலில் கோட்டும் தொப்பியுமாக மதிப்பாளர் ரெங்கசாமி வந்து நின்றார். சந்துக்காரர்கள் அவரைப் பத்திரிகைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். வண்டிக்காரன் சாவுக்குப் பத்திரிகையிலிருந்து ஆள் வருவதாவது என்று யாரும் யோசிக்கவில்லை. பெஞ்சு போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, நன்றாகக் கேட்கும் இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள்.

சாவு வீட்டில் முன்பாட்டு எப்போதும் நல்லம்மாளுடையது. பக்கத்து வீட்டுக்காரி. செந்தூலிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், அப்படிப்பட்ட குரல். நம்மவர்களில் யாரும் ஏழையாகச் செத்ததில்லை. கஞ்சிக்கு இல்லாமல் செத்தவனுக்கும் பாட்டில் மாளிகை உண்டு, பல்லக்கு உண்டு, வாசலில் பட்டத்து யானை உண்டு. அது பொய் என்று கேட்பவர்களுக்குத் தோன்றாது. நிஜம் என்றும் ஒருவரும் நினைத்ததில்லை. கடைசி வேஷ்டி போர்த்துகிற மாதிரி அதுவும் ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

நல்லம்மாள் பெண்டாட்டி ஸ்தானத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள்:

"எட்டடுக்கு மாளிகையில் ஏறி நின்ன என் ராசா,
கட்டி வச்ச ஆனை ரெண்டும் கதறுதய்யா வாசலில!
ஏழு கப்பல் கரையேத்தி ஏலம் விட்ட என் ராசா,
வாழ வந்த என்ன விட்டு வழி எங்கே போனீரோ!"

ரெங்கசாமியின் பென்சில் ஓடியது. பென்சில் ஓடுவதைப் பார்த்த நல்லம்மாளுக்குத் தொண்டை இன்னும் திறந்தது. பாட்டு ஒரு மூச்சு நின்றபோது ரெங்கசாமி பணிவாகக் கேட்டார்.

"எத்தனை அடுக்குன்னு சொன்னீங்க?"

"எட்டுன்னு போட்டுக்குங்க தம்பி."

"ஆனை?"

"ரெண்டு போதுங்களா?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"அப்ப ரெண்டே இருக்கட்டும் லா."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மா வாயே திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துப் போயிருந்தது. சுற்றி இத்தனை பேர் மாரடித்துக் கதறும்போது, தொட்டியில் தண்ணீர் பாதியில் நிற்கிறதே, மயிலை குடித்ததோ என்னவோ என்றுதான் அவள் மனசு ஓடியது. அதை நினைத்துத் தனக்கே வெட்கமாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வள்ளியம்மா சூளை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய் நின்றாள். இத்தனை வருஷம் அவள் வண்டியோடு கூடவே நடந்தவள், கல் ஏற்றி இறக்கியவள். காளைகள் அவள் குரலுக்கும் நிற்கும், நடக்கும்.

"நானே ஓட்டறேன் தவுக்கே. அதே கூலி கொடுத்தாப் போதும்."

தவுக்கே நல்ல மனுஷன். மழை விட்டதும் புதுக் கட்டட வேலை ஆரம்பிக்கிறது, அதற்குள் வண்டியோடு வந்துவிட்டால் அவளுக்குத்தான் வேலை, வராவிட்டால் லோரிக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். மழை விட இன்னும் நாள் கிடந்தது. வள்ளியம்மா வீட்டுக்கு வந்து நுகத்தடியைத் துடைத்து வைத்தாள். மறுநாள் காலை ரெங்கசாமி அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

முதலில் வீட்டைச் சுற்றி வந்தார். ஒரு அடுக்குதான் இருந்தது. இன்னொரு தடவை சுற்றினார். அப்போதும் ஒன்றுதான். ஏணி கேட்டார். கூரை மேல் ஏறினால் மற்ற அடுக்குகள் தென்படக்கூடும் என்பது அவர் எண்ணம். ஏறினார். ஒரு கால் அத்தாப்பைப் பொத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. வள்ளியம்மா உள்ளேயிருந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. ரெங்கசாமி காலை உருவிக்கொண்டு கீழே இறங்கி, 'மேல் ஏழு அடுக்குகள் பார்வைக்குக் கிட்டவில்லை. கூரையில் ஒரு வழி உள்ளது' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கொட்டகைக்குப் போனார். மயிலையும் செவலையும் அசை போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தன.

"யானைங்க எங்கம்மா?"

"யானையா? எங்க கிட்ட மாடுதாங்க இருக்கு."

"எத்தனை?"

"ரெண்டு."

ரெங்கசாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "யானையும் ரெண்டு. மாடும் ரெண்டு."

"ஆமாங்க."

"யானை நின்ன எடத்துல மாடு நிக்குது. அப்ப யானையை எங்கயோ ஓட்டிவிட்டுட்டு, கணக்குக்கு மாட்டைக் கட்டி வச்சிருக்கீங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. ரெங்கசாமி சாது. தப்புச் செய்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பரிதாபம்தான் வரும். யானைகளை ஒப்படைக்கும் வரை மாடுகள் காரியாலயத்தின் பொறுப்பில் இருக்கும் என்று மிருதுவாகச் சொல்லிவிட்டு, ஆட்களை வைத்து அவிழ்த்துக்கொண்டு போனார். சாலாக் செலாத்தான் போகிற பாதையில், தெருவில் திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டுப் பட்டி ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள். செவலை சந்து முனையில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. வள்ளியம்மா நாக்கைச் சுழற்றி "போ" என்று சத்தம் கொடுத்தாள். நின்றால் அடிப்பார்கள் என்று பயம்.

நல்லம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடியே வள்ளி, அந்தப் பாவி பேப்பர்க்காரன்னுல்ல நெனச்சேன்! பத்திரிகையில வரப்போகுது, அண்ணன் பேரு நல்லா விளங்கட்டும்னுதான்டி ரெண்டு ஆனை சேர்த்துப் பாடினேன். வழக்கமா ஒன்னுதான் லா கட்டுவேன்."

இருவரும் காரியாலயத்துக்குப் போனார்கள். காலை நேரத்தில் தாலியறுத்தவள் முகத்தில் விழித்தால் அன்றைய காரியம் உருப்படாது என்பது ராதாகிருஷ்ணனின் கொள்கை. அதனால் பியூன் ஒரு சாமி படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அவர் படத்தோடு பேசினார். படத்துக்குப் பின்னாலிருந்து வள்ளியம்மா பதில் சொன்னாள்.

"இந்தாம்மா, இந்த ஆபீஸ் யாரையும் சந்தேகப்படாது. இருக்குன்னு சொன்னா அப்படியே நம்பிடுவோம், ஒரு கேள்வி கேக்க மாட்டோம். இல்லைன்னு சொன்னாத்தான் விசாரணை. ஏன்னா, இருக்கறதை இல்லைன்னு சொல்றவன் ஊர்ல ஆயிரம் பேரு. இல்லாததை இருக்குன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

"நான் ஒன்னுமே சொல்லலீங்க ஐயா. பாடினது நல்லம்மா அக்கா."

"'என் ராசா'ன்னுதானே பாடினாங்க? அவங்க ராசாவா செத்தது?"

"இல்லீங்க."

"அப்ப உன் வாயா இருந்துதான் பாடியிருக்காங்க. நீ பக்கத்துல உக்காந்துகிட்டு மறுத்துப் பேசினியா?"

"எழவு வீட்டுல யாருங்க மறுத்துப் பேசுவா?"

"அதைத்தாம்மா எங்க ரூல்ஸும் சொல்லுது."

நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, அது பாட்டுங்க! மாளிகையும் கிடையாது, ஆனையும் கிடையாது. செத்தவனைச் சும்மா அனுப்பக் கூடாதுன்னு பாடறது."

ராதாகிருஷ்ணன் சாமி படத்தைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி அவளைப் பார்த்தார். "நான் படிச்சவன், எனக்குப் புரியாதா? ஆனா யோசிச்சுப் பாரு. போன வருஷம் இந்த ஆபீஸ்ல ரெண்டே மேசை. இப்ப எண்ணிப் பாரு, அந்தச் செவுரு வரைக்கும் மேசைதான். ஊர்ல ஏழைங்கதான் செத்துக்கிட்டே இருக்காங்க, வாஸ்தவம். ஆனா எல்லாரும் ஏழையாவே செத்துட்டா நாங்க எதை மதிப்புப் போடறது? எங்களுக்கும் குடும்பம் இருக்கு லா."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக வள்ளியம்மாவுக்குப் பட்டது. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. தனக்குத்தான் இரண்டு மாடு, அதுவும் பட்டியில்.

"யானைக்கு என்னங்க மதிப்பு?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இல்லாத யானைக்கு என்ன விலைன்னு சொல்லாம விட்டுட்டாங்க. நாங்க அதையும் ஆயிரமாவே வச்சிருக்கோம். யாருக்கும் அநியாயம் வந்துடக் கூடாது பாரு."

மாளிகையும் யானையும் முடிந்தன. கப்பல்கள் பாக்கி. அவற்றைச் சொந்தக்காரியே நேரில் அடையாளம் காட்ட வேண்டும் என்று ரெங்கசாமி அவளைக் கிள்ளான் துறைமுகத்துக்கு ரயிலில் அழைத்துப் போனார். வழியில் ஒரு ஸ்டேஷனில் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. ஒன்றும் தோன்றவில்லை.

துறைமுகத்தில் காற்றில் உப்பும் எண்ணெயும் கலந்து வந்தன. ரெங்கசாமி கையை நீட்டி, "நிதானமாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. இதுல எது எது?" என்றார்.

வள்ளியம்மா இந்தத் துறையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், வந்து இறங்கிய அன்று. அன்று அவளுக்குக் கப்பல் மயக்கம் தீரவில்லை. சின்னையா ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் அவள் மணிக்கட்டுமாகப் பலகையில் இறங்கினார். கால் தரையில் பட்டதும், "இது ஆடாதுடி, தைரியமா நில்லு" என்றார். அது ஞாபகம் வந்தது. ஞாபகம் மட்டும் வந்தது, அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை.

"எங்களுக்கு ஒரு கப்பல்தாங்க தெரியும்" என்றாள். "அந்தா, அந்த மாதிரி. கறுப்பா, செவப்புக் கொழா வச்சது."

ரெங்கசாமி சந்தோஷமாக எழுதினார்: 'ஒரு கப்பலைத் தயக்கமின்றி அடையாளம் காட்டினார். மற்ற ஆறும் கடலில் இருப்பதாகத் தெரிகிறது.'

உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு கப்பல் வந்து சேர்கிறது என்பதை வள்ளியம்மா அன்று தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அவள் ரெங்கசாமியிடம் தாகம் என்றுகூடச் சொல்லவில்லை.

தினமும் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு பட்டிக்கு நடந்தாள். காவல்காரன் வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினான். காரியாலயச் சொத்துக்கு வெளியாள் தீனி போடக் கூடாதாம். யானைகளுக்குப் பிணையாக நிற்பதால் அவற்றின் பேரில் யானைத் தீனி எழுதப்படுவதாக அவனே சொன்னான். எழுதப்பட்டது யாருடைய வீட்டுக்குப் போயிற்றோ, தொட்டியில் கிடந்தது ஒரு பிடி ஈர வைக்கோல். மயிலையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் வேலிக்கு இந்தப் பக்கம் புல்லோடு நின்றாள். மாடு அந்தப் பக்கம் நின்று புல்லைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, புல்லை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் கண்ணில் ஈரம் கிடையாது. தன்னிடம் ஏதோ கெட்டுப் போய்விட்டது, தான் மனுஷியே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மழை குறையத் தொடங்கியது. வள்ளியம்மா மறுபடியும் சாமி படத்துக்குப் பின்னால் போய் நின்று, தவுக்கே சொன்ன கெடுவைச் சொன்னாள்.

"ஒரே வழிதான்" என்றார் ராதாகிருஷ்ணன். "ஒப்பாரியில சொன்னதை ஒப்பாரியிலதான் மாத்தணும். திருத்த ஒப்பாரி. அதே சாட்சி, அதே கோலம், தலைமயிரை அவிழ்த்துப் போட்டு, இந்தத் தடவை உன் சொந்த வாயால. ஆபீஸ் நேரத்துக்குள்ள."

குறித்த நாளில் சந்துப் பெண்கள் எல்லோரும் காரியாலயத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிணம் இல்லாமல் எப்படி என்று ஒரு கேள்வி வந்தது. சின்னையாவின் கோப்பு அதற்குள் ஒரு ஆள் கனம் கனத்திருந்தது. அதை நீள பெஞ்சில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். விளக்கைத் தலைமாட்டில் வைக்க வேண்டும், கோப்புக்குத் தலை எது என்று குமாஸ்தாக்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. முதல் பக்கம்தான் தலை என்று ராதாகிருஷ்ணன் தீர்ப்புச் சொல்லி, தெற்குப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார். பியூன் படத்தோடு நின்றான். ரெங்கசாமி பென்சிலைச் சீவிக்கொண்டார்.

வள்ளியம்மா கூந்தலை அவிழ்த்தாள். வாயைத் திறந்தாள். ராகம் வரவில்லை. விஷயம் மட்டும் வந்தது.

"கொம்பு மழுங்கின செவலை ஒன்னு... பனியில இருமுற மயிலை ஒன்னு... அச்சு தேஞ்ச வண்டி ஒன்னு... மழைக்கு ஒழுகுற வீடு ஒன்னு, அதுல ஐயா கால் வச்ச ஓட்டை ஒன்னு... வேட்டி ரெண்டு, ஒன்னுல போர்த்தி அனுப்பிட்டோம்... தொட்டியில அவர் ஊத்தின தண்ணி பாதி... அவ்வளவுதாங்க."

நல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவள் எத்தனையோ சாவுக்குப் பாடியிருக்கிறாள். இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை.

ராதாகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார். "இது ஒப்பாரியாம்மா? கடைச் சாமான் ஒப்பிக்கற மாதிரி இருக்கு. கண்ணு நனையவே இல்லையே. கண்ணீர் இல்லாததை நான் எப்படிப் பதிவு பண்றது? அழுத பிள்ளைதான்மா பால் குடிக்கும்."

"வரலீங்க ஐயா."

"புருஷன் செத்ததுக்கு அழுகை வரலையா?"

"வரலீங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். ராதாகிருஷ்ணன் கருணையுள்ளவர். பியூனைப் பாசாருக்கு அனுப்பிச் சின்ன வெங்காயம் வாங்கிவரச் சொன்னார். படம் பிடிக்க ஆள் இல்லாததால் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெங்காயம் வந்தது. புருஷனுடைய கோப்பின் முன்னால் உட்கார்ந்து வள்ளியம்மா ஒவ்வொன்றாக உரித்தாள். உரித்துக்கொண்டே செவலை, மயிலை, வண்டி, வீடு என்று மறுபடியும் சொன்னாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அது தன்னுடையது இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது ஆடுகதவு திறந்து முதல் தடவையாகத் துரை வெளியே வந்தார். பெஞ்சில் ஏதோ வெள்ளைத் துணி, தலைமாட்டில் விளக்கு, கீழே தலைவிரி கோலமாக வெங்காயம் உரிக்கும் ஒரு பெண், அவளைச் சுற்றிப் பெண்கள். சமையலா என்று கேட்டார். ரூல்ஸ் சார் என்றார் ராதாகிருஷ்ணன். ரூல்ஸ் என்றதும் துரை சமாதானமாகி உள்ளே போய்விட்டார்.

திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில், இத்தனை சொற்பமான சொத்தை மதிப்புப் போட அந்தக் காரியாலயத்துக்கு அதிகாரமே கிடையாது என்று தெரிந்தது. ராதாகிருஷ்ணன் மனம் நொந்துபோனார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஆபீஸ் பொழுது எவ்வளவு வீணாப் போச்சு பாரு. போ, போய் மாட்டை ஓட்டிக்கோ. வெங்காயம் ஆபீஸ் கணக்கு, விட்டுத்தள்ளு."

அன்று வானம் வெளுத்திருந்தது. வள்ளியம்மா நுகத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். கூடவே நல்லம்மாளும் சந்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள். ஒப்படைத்ததற்குக் கைநாட்டு வாங்க ரெங்கசாமியும் குடையோடு பின்னால் வந்தார். பாதி வழியில் ஒரு லோரி எதிரே வந்து சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. அதில் செங்கல் அடுக்கியிருந்தது. சூளை முத்திரையை அவளால் அடையாளம் காண முடிந்தது. இருந்தாலும் நடந்தாள். தவுக்கேயிடம் கெஞ்சிக் கேட்கலாம், கழிவுக் கல்லாவது ஏற்றலாம். இரண்டு மாடும் வண்டியும் இருந்தால் உயிர் பிழைத்துக் கிடக்கலாம்.

பட்டியின் கதவைத் திறந்து காவல்காரன் செவலையை வெளியே விட்டான்.

"மயிலை எங்கண்ணே?"

"அது முந்தா நாளே போயிருச்சுக்கா. படுத்துச்சு, எந்திரிக்கல. அதிகாரி உத்தரவு வராமத் தோலைக்கூட உரிக்கல, அப்படியே புதைச்சுட்டோம்."

செவலை தானாக நடந்து வந்து, இத்தனை வருஷமும் நின்று பழகிய மாதிரி வலப்பக்கமாக நின்றது. இடப்பக்கத்தை மயிலைக்கு விட்டு நின்றது. நுகத்துக்காகக் கழுத்தைத் தாழ்த்தியது.

வள்ளியம்மா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். தோளிலிருந்து நுகத்தடி நழுவி விழுந்தது. தொட்டியோரம் உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை என்பது, இத்தனை நாள் கழித்து, அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வயிற்றின் அடியிலிருந்து அது கிளம்பி வந்தது. "என் ராசா..." என்று தொண்டை திறந்தது. ராகத்தோடு திறந்தது.

நல்லம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாண்டி! வேணாண்டி வள்ளி! எழுதிடுவான்!"

மற்ற பெண்களும் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டார்கள். யார் யார் கையோ அவள் வாய் மேல் இருந்தது. அவள் செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை கைகளுக்கும் உள்ளே அழுதாள். மாடு அசையாமல் நின்றது. அவளோடு சேர்ந்து அதன் உடம்பும் நடுங்கியது.

ரெங்கசாமி குடையை மடக்கிவிட்டு அருகில் வந்தார். காதில் செருகியிருந்த பென்சில் கைக்கு வந்திருந்தது.

"என்னமோ ஆரம்பிச்சாங்களே. சரியாக் கேக்கல. என்ன சொல்றாங்க?"

"ஒன்னுமில்ல ஐயா" என்றாள் நல்லம்மாள், கையை எடுக்காமலே. "சாமி சத்தியமா ஒன்னுமே இல்ல."

ரெங்கசாமி தலையாட்டிக்கொண்டு எழுதினார்: 'ஒன்றுமில்லை என்கிறார்கள்.' கொஞ்சம் யோசித்து, விதிப்படி அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: 'விசாரிக்க வேண்டும்.'